மிச்ச மூணு கப்பல் எங்கே?

உங்க வாட்ஸ்ஆப்புக்கும் அந்தப் படம் வந்திருக்கும். கருப்பு வெள்ளைப் படம். கரையோரமா ஒரு சின்னத் தீவு. உத்துப் பார்த்தா அது தீவு இல்ல, கப்பல். மேல்தளம் முழுக்க மரக்கிளையும் இலையும். கூடவே ஒரு வரி: ‘தீவு மாதிரி வேஷம் போட்டு ஜப்பான் படையையே ஏமாத்தின கப்பல்.’ எங்க கிளாஸ் குரூப்ல இந்த செமஸ்டர்ல மட்டும் மூணு தடவை வந்துடுச்சு. போன மாசம் ஒரு மோட்டிவேஷன் செஷன்ல ஸ்லைடாவும் வந்தது. “எல்லாரும் பயந்தாங்க, இவங்க மட்டும் வித்தியாசமா யோசிச்சாங்க, ஜெயிச்சாங்க. நீங்களும் வித்தியாசமா யோசிங்க!” எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து அந்தக் கப்பலைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன். சும்மா ஒரு ஆர்வம்தான். படிச்சு முடிச்சப்போ எனக்குத் தோணினது இதுதான்: கதை உண்மை. அதுல இருந்து நமக்குச் சொல்லித் தர்ற பாடம்தான் தப்பு. அந்தத் தப்பைத்தான் நம்ம காலேஜ்ல வருஷா வருஷம் செஞ்சுட்டு இருக்கோம். எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல கப்பல்.

பேர் ஆப்ரஹாம் கிரைன்சன். நெதர்லாந்து கடற்படையோட கண்ணிவாரிக் கப்பல். 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கடற்படைத் தளபதி ஒருத்தரோட பேரை வெச்சிருக்காங்க. ஸ்கீடாம் ஊர்ல கட்டி 1936ல தண்ணியில இறக்கினாங்க, 1937ல படையில சேர்ந்தது. நீளம் 56 மீட்டர்தான். எடை ஐந்நூறு டன் சொச்சம். மூணு அங்குல பீரங்கி ஒண்ணு, ரெண்டு 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புத் துப்பாக்கி, நீர்மூழ்கிக்குப் போடுற ஆழ்குண்டுகள், 45 பேர். உச்ச வேகம் 15 நாட். நம்ம கணக்குல மணிக்கு 28 கிலோமீட்டர். காலேஜ் பஸ் இதைவிட வேகமாப் போகும்.

கண்ணிவாரின்னா என்ன வேலை? கடலுக்கு அடியில சங்கிலியில கட்டி, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மிதக்க விட்ட வெடிகள்தான் கண்ணிகள். கண்ணிவாரி தனக்குப் பின்னாடி ஒரு நீளமான கம்பி வடத்தை இழுத்துட்டுப் போகும். அந்த வடத்துல வெட்டும் கத்திகள் இருக்கும். வடம் ஒரே நேர்கோட்டுல பின்னாடி வராம பக்கவாட்டுல விரிஞ்சு, சரியான ஆழத்துல நிக்கிறதுக்கு பலகைகளும் மிதவையும் கட்டியிருப்பாங்க. கண்ணியோட சங்கிலி அந்த வடத்துல மாட்டி அறுந்தா, கண்ணி மேல மிதந்து வந்துடும். அப்புறம் தூரத்துல இருந்தே சுட்டு அழிப்பாங்க. கடல்ல துடைப்பம் போடுற வேலைன்னு வெச்சுக்கோங்க. வேலை சரியா நடந்தா, அடுத்து அந்த வழியா வர்ற கப்பலுக்கு ஒண்ணும் ஆகாது. ‘ஒண்ணும் ஆகல’ங்கிறதுதான் ரிசல்ட். அதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க.

இப்படிப்பட்ட ஒரு துடைப்பக் கப்பல் 1942ல சுராபாயாவுல இருந்தது. அப்போ இந்தோனேசியா டச்சுக்காரங்க ஆட்சியில. பிப்ரவரி 27ஆம் தேதி ஜாவாக் கடல் சண்டையில நேசநாட்டுக் கப்பற்படை படுதோல்வி. டச்சுத் தளபதி கரேல் டோர்மன் தன்னோட கப்பலோடவே மூழ்கிப் போனார். மிச்சமிருந்த கப்பல்களை ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போகச் சொன்னாங்க. வானத்துல ஜப்பான் விமானம், கடல்ல ஜப்பான் டிஸ்ட்ராயர். 15 நாட் வேகத்துல எதை முந்த முடியும்?

அங்கதான் வேஷம். பக்கத்துத் தீவுகள்ல மரம் வெட்டி மேல்தளத்துல அடுக்கினாங்க. வெளியே தெரிஞ்ச இரும்புக்குப் பாறை மாதிரி பெயின்ட் அடிச்சாங்க. பகல் முழுக்க கரையை ஒட்டி நங்கூரம் போட்டு அசையாம நின்னாங்க. ராத்திரி மட்டும் ஓட்டினாங்க. பதினேழாயிரம் தீவுக்கு மேல இருக்கிற நாட்டுல இன்னொரு தீவை யாரு எண்ணிப் பார்ப்பாங்க? 1942 மார்ச் 20ஆம் தேதி கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவுதான் மீம். இனிமே மீம்ல வராத விஷயம்.

கிரைன்சனுக்கு அதே வகுப்புல, அதே டிசைன்ல சகோதரிக் கப்பல்கள் உண்டு. ஜாவாப் பக்கம் இருந்தது மொத்தம் நாலு. பீட்டர் டி பிட்டர் கப்பலை அதோட ஆட்களே சுராபாயாவுல மூழ்கடிச்சாங்க, எதிரி கையில சிக்கக் கூடாதுன்னு. எலாண்ட் டுபோயிஸ் கப்பலையும் அதோட ஆட்களேதான் மூழ்கடிச்சாங்க. யான் வான் ஆம்ஸ்டல் மார்ச் 8ஆம் தேதி ஜப்பான் டிஸ்ட்ராயர் ஆராஷியோ கண்ணுல பட்டு மூழ்கடிக்கப்பட்டது. நாலுல ஒண்ணுதான் ஊர் போய்ச் சேர்ந்தது.

ஒரே டிசைன், ஒரே வேகம், ஒரே கடல், ஒரே வாரம். ஒண்ணு தப்பிச்சது, மூணு போச்சு. மீம் அந்த ஒண்ணோட படத்தைக் காட்டி ‘வித்தியாசமா யோசிச்சதால ஜெயிச்சாங்க’ன்னு சொல்லுது. மிச்ச மூணு கப்பல்ல இருந்தவங்க யோசிக்கலையா? அவங்ககிட்ட எது இல்ல, எது தடுத்தது, எந்த இடத்துல மாட்டினாங்க? அந்தக் கேள்வியையே மீம் கேக்கிறதில்ல. மூழ்கின கப்பல் ஸ்லைடுல வராது.

இதுக்கு ஒரு பேர் இருக்கு. நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்ல ஒரு வரியில வந்துட்டுப் போயிருக்கும்: சர்வைவர்ஷிப் பயஸ். தப்பிச்சு வந்ததை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவுக்கு வர்ற தப்பு. இதைச் சொல்லும்போதெல்லாம் ஆப்ரஹாம் வால்ட் பேர் வரும். ஹங்கேரியில பிறந்த கணிதவியலாளர். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவுல, கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவுல வேலை செஞ்சார். குண்டு விமானங்கள் உடம்பெல்லாம் ஓட்டையோட திரும்பி வருது. எங்கே கவசம் போடணும்? ஓட்டை இருக்கிற இடத்துலன்னு தோணும். வால்ட் வழியில யோசிச்சா பதில் தலைகீழ். திரும்பி வந்த விமானத்துல எங்கே ஓட்டை இல்லையோ அங்கேதான் போடணும். ஏன்னா அங்கே அடிபட்டது திரும்பி வரவே இல்ல. (சிவப்புப் புள்ளி வெச்ச விமானப் படம் ஒண்ணு சுத்துமே, அது வால்ட் வரைஞ்சது இல்ல, பிற்காலத்துல விளக்கத்துக்காக யாரோ வரைஞ்சது. அதுவும் மீம்தான்.)

படிக்கும்போது என்னை ஒரு நிமிஷம் நிறுத்தின விஷயம் வேற. வால்ட் 1950 டிசம்பர்ல இந்திய அரசோட அழைப்புல சொற்பொழிவு கொடுக்க வந்தார். மனைவியும் கூட வந்தாங்க. அவங்க போன விமானம் நம்ம நீலகிரி மலையில மோதி ரெண்டு பேரும் இறந்து போனாங்க. திரும்பி வராத விமானத்தைப் பத்தி யோசிக்கச் சொல்லித் தந்தவர், திரும்பி வராத விமானத்துலயே போயிட்டார். ஊட்டிக்கு டூர் போய் செல்ஃபி எடுத்திருக்கோம், இது நமக்குத் தெரியாது.

சரி, நம்ம கதைக்கு வர்றேன்.

எங்க டீமோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், தண்ணிக்கு அடியில போய் தொட்டி, கிணறு சுவரையெல்லாம் கேமராவுல பார்க்கிற ஒரு சின்ன வண்டி. நாலு மோட்டார், ஒரு கன்ட்ரோலர், ஒரு கேமரா, எல்லாம் ஒரு குழாய்க்குள்ள. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சோம். அக்டோபர்ல முதல் தடவை தண்ணியில விட்டோம். இருபது நிமிஷத்துல மோட்டார் ஷாஃப்ட் வழியா தண்ணி உள்ளே வந்து கன்ட்ரோலர் போச்சு. ஓ-ரிங் மாத்தினோம். போச்சு. கிரீஸ் அடைச்சோம். போச்சு. எபாக்ஸி ஊத்தினோம், ஷாஃப்ட்டே சுத்தல. டிசம்பர் வரைக்கும் மூணு கன்ட்ரோலர் காலி. காசு எங்க நாலு பேர் வீட்டுது.

இதே ப்ராஜெக்டை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சீனியர் டீம் பண்ணியிருந்தாங்க. டிபார்ட்மென்ட் லைப்ரரியில அவங்க ரிப்போர்ட் இருக்கு. கருநீல பைண்டிங், தங்க எழுத்து. கடைசி சாப்டர்ல ‘வண்டி வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது’ன்னு இருக்கு. அதை நம்பித்தான் அதே டிசைனை எடுத்தோம். ஜனவரியில பொறுக்க முடியாம நம்பர் வாங்கி அந்த அண்ணாவுக்கு ஃபோன் பண்ணேன்.

“ஷாஃப்ட் சீல் எப்படிண்ணா பண்ணீங்க? எங்களுக்கு லீக் ஆகிட்டே இருக்கு.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “அட, அதுவா மா? எங்களுக்கும் அதேதான். ஆறு தடவை லீக். வைவாவுல மேஜை மேல வெச்சுதான் சுத்திக் காட்டினோம். தண்ணியில இறக்கவே இல்ல.”

“ரிப்போர்ட்ல சக்சஸ்னு இருக்கேண்ணா?”

“வேற என்ன எழுதச் சொல்ற? ஃபார்மட்ல ‘ரிசல்ட்’னு ஒரு சாப்டர் இருக்கு. ‘நாசமாப் போச்சு’ன்னு எழுதினா ரிவ்யூல விடுவாங்களா?”

அப்புறம் அவரே பத்து நிமிஷம் பொறுமையா சொன்னார். பிரஷ் மோட்டாருக்கு சீல் போட்டுப் போராடறதே வீண். பிரஷ் இல்லாத மோட்டாரா வாங்கி, மோட்டாரைக் குழாய்க்கு வெளியே தண்ணியிலயே விட்டுடணும். அதோட காயில் கம்பிக்கு எனாமல் பூச்சு இருக்கு, தண்ணி பட்டாலும் ஓடும். பேரிங்தான் துருப்பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் துடைச்சு எண்ணெய் போட்டுக்கணும். வயர் மட்டும்தான் குழாய்க்குள்ள போகணும். வயர் சுத்தாது, அதனால அந்த ஓட்டையை எபாக்ஸியில நிரந்தரமா அடைச்சிடலாம். “இதை நாங்க கடைசி வாரம்தான் கண்டுபிடிச்சோம். அப்போ காசும் இல்ல, நேரமும் இல்ல” என்றார்.

பத்து நிமிஷம். எங்க நாலு மாசம், மூணு கன்ட்ரோலர், அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள இருந்தது. அது தங்க எழுத்து ரிப்போர்ட்டுல இல்ல. மூழ்கின கப்பலோட ஆட்கள் உயிரோட, ஃபோன் நம்பரோட, பதில் சொல்லத் தயாரா இருக்காங்க. நாமதான் கேக்கல.

நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. ஏன்னா அடுத்து நான் செஞ்சதையும் சொல்லணும். மார்ச் ரிவ்யூல எங்க ரிப்போர்ட்டோட அஞ்சாவது சாப்டர்ல நானே டைப் பண்ணினேன்: ‘செயல்பாடு திருப்திகரமாக இருந்தது.’ அந்த மூணு கன்ட்ரோலர் பத்தி ஒரு வரி இல்ல. டைப் பண்ணும்போது கை கூசலைன்னு சொன்னா பொய். ஆனா பண்ணினேன்.

இது ப்ராஜெக்டோட நிக்கிறதும் இல்ல. ப்ளேஸ்மென்ட் சீசன்ல பெரிய பேக்கேஜ் வாங்கின சீனியரைக் கூப்பிட்டு மேடையில ஏத்துறோம். “தினமும் ரெண்டு மணி நேரம் கோடிங், விடாமுயற்சி, வந்துடுச்சு”ன்னு சொல்வாங்க. பொய் இல்ல. ஆனா தினமும் ரெண்டு மணி நேரம் கோடிங் பண்ணி, விடாம முயற்சி பண்ணி, ஏழு இன்டர்வியூல வெளியே வந்தவங்களும் அதே ஹால்ல மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. எந்த ரவுண்டுல, எந்தக் கேள்வியில மாட்டினாங்கன்னு அவங்களுக்குத்தான் துல்லியமாத் தெரியும். ஜெயிச்சவருக்கு எது தன்னைக் காப்பாத்தினதுன்னே பல நேரம் தெரியாது. இலையா, இருட்டா, அன்னைக்கு அந்த வழியா விமானம் வராததா? நாலு கப்பல் கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் கொஞ்சமாவது புரியும்.

இன்னொண்ணு. இலைதான் காப்பாத்திச்சுன்னு நினைச்சுக்கிட்டா, அதுலயே ஒரு முக்கியமான விஷயம் தவறிப் போகுது. பட்டப்பகல்ல இலையோட ஓடுற கப்பல் பின்னாடி வெள்ளையா நுரைத் தடம் விடும். மேல இருந்து பார்க்கிற விமானிக்கு முதல்ல தெரியறது அதுதான். தீவு நகராது. அதனால கஷ்டமான வேலை மரம் வெட்டுறது இல்ல. எதிரி தேடிட்டு இருக்கிறப்போ, இன்ஜினை நிறுத்திட்டு, பகல் முழுக்க ஓடாம உட்கார்ந்திருக்கிறது. படத்துல இலை தெரியும். காத்திருக்கிறது படத்துல தெரியாது.

மீம் முடிஞ்ச பிறகும் கிரைன்சன் வேலையில இருந்தது. அதுவும் யாருக்கும் தெரியாது. 1942 செப்டம்பர்ல ஆஸ்திரேலியக் கடற்படையில சேர்ந்து, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாப் போனது. 1943 ஜனவரியில பாஸ் நீரிணையில நீர்மூழ்கி இருக்குன்னு ஒலிக்கருவியில காட்ட, அவசரத்துல ரெண்டு ஆழ்குண்டைப் போட்டாங்க. அந்த அதிர்ச்சியில சொந்தக் கப்பலுக்கே அடி. குழாய்கள் உடைஞ்சு, நடுக்கோட்டு ரிவெட் அத்தனையும் மாத்த வேண்டி வந்தது, ஒரு வாரம் உலர்துறையில கிடந்தது. நீர்மூழ்கி மூழ்கினதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடைக்கல. 1945 ஜூன்ல எண்ணெய்ப் படகா மாத்தின ஒரு பழைய நீர்மூழ்கியை சிட்னியில இருந்து இழுத்துட்டுப் போனப்போ, மறுநாளே கயிறு அறுந்து, அது கரை ஒதுங்கிப் போச்சு. இதெல்லாம் தோல்வி. ஆனா இதெல்லாம் பதிவுல இருக்கு. யாரோ எழுதி வெச்சதாலதான் எண்பது வருஷம் கழிச்சு நான் ஹாஸ்டல் கட்டில்ல படுத்துட்டுப் படிக்கிறேன். சண்டை முடிஞ்ச பிறகு, ஜப்பான் படை சரணடையறதை ஏத்துக்கப் போற கப்பல்களுக்காக, திமோர்ல குபாங் துறைமுகத்துல கண்ணி வாரினது. எதுக்காகக் கட்டினாங்களோ அந்த வேலை. 1960ல படையில இருந்து எடுத்துட்டாங்க. இப்போ நெதர்லாந்துல டென் ஹெல்டர் கடற்படை அருங்காட்சியகத்துல நிக்குது. தப்பிச்ச கப்பல் மியூசியத்துல. மிச்ச மூணு ஒரு அடிக்குறிப்புல.

அதனால நான் கேக்கிறது இதுதான். இந்த இதழ்ல ஒரு நிரந்தரப் பக்கம் வேணும். ஒவ்வொரு ஃபைனல் இயர் டீமும் ஒரு பக்கம் எழுதணும். என்ன முயற்சி பண்ணோம், எது உடைஞ்சது, எவ்வளவு செலவு, திரும்பச் செஞ்சா எதை மாத்துவோம். நாலே கேள்வி.

“யாரு எழுதுவா? மார்க் போயிடும்”னு சொல்வீங்க. நியாயமான பயம். அதனால ரிசல்ட் வந்த பிறகு எழுதுங்க. பேர் வேணாம்னா வேணாம், ப்ராஜெக்ட் பேரும் வருஷமும் போதும். “தோல்வியையே படிச்சா ஜூனியருக்கு மனசு விட்டுப் போகும்”னு என் ஃப்ரெண்ட் ஒருத்தி சொல்றா. எனக்கு அப்படித் தோணல. அக்டோபர்ல முதல் கன்ட்ரோலர் போனப்போ எங்களுக்கு மனசு விட்டுப் போனது லீக் ஆனதால இல்ல. ‘சீனியருக்கு வந்துச்சு, நமக்கு மட்டும் வரல, நாமதான் முட்டாள்’னு நினைச்சதாலதான். அந்த ரிப்போர்ட்ல ‘ஆறு தடவை லீக்’னு ஒரு வரி இருந்திருந்தா அன்னைக்கு நாங்க நாலு பேரும் கேன்டீன்ல சிரிச்சிருப்போம்.

கண்ணிவாரி போன பாதையில மிதவை போட்டு வைப்பாங்க, இது வரைக்கும் துடைச்சாச்சு, இந்த வழியா வான்னு. பின்னாடி வர்றவங்களுக்கு அது போதும்.

முதல் பக்கம் எங்களோடது. தண்ணிக்குள்ள போற வண்டி, நாலு பேர், மூணு கன்ட்ரோலர், ஏப்ரல்ல கடைசியா நாற்பது நிமிஷம் காய்ஞ்ச குழாயோட ஓடினது. செலவுக் கணக்கு உட்பட எழுதி எடிட்டர்கிட்ட குடுத்துட்டேன், ரிசல்ட் வந்த மறுநாள் போடச் சொல்லியிருக்கேன். லைப்ரரியில இருக்கிற எங்க ரிப்போர்ட்டோட அஞ்சாவது சாப்டரை மட்டும் நம்பாதீங்க.